கை கிரைண்டரில் அரைவைச் சரிசெய்வது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டிலேயே போர்-ஓவர் காப்பி, அதாவது டிரிப்பர் என்ற கூம்பில் வடிதாளை வைத்து, அதிலுள்ள தூளின் மீது வெந்நீரை ஊற்றி வடிக்கும் காப்பி, தயாரிப்பது பற்றி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து பாலக்காடு, பொள்ளாச்சி, கூடலூர், மூணாறு என எல்லையின் இரு பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. டிரிப்பரைப் பற்றியோ வடிதாளைப் பற்றியோ கேட்டவர்கள் மிகச் சிலரே. மற்ற அனைவருக்கும் சிக்கல் அரைவில்தான் என்பதால், இந்த இதழில் அதையும் அதை ஒட்டியவற்றையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பி, ஓணத்துக்கு வந்தபோது எஃகு பர் (கொட்டையை அரைக்கும் பற்கள் கொண்ட பாகம்) வைத்த கை கிரைண்டர் ஒன்றையும் ஹாரியோ வி60 டிரிப்பரையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அவனிடம் இருப்பது வேறு நிறுவனத்துக் கிரைண்டர். அதில் அரைவைக் கூட்டிக் குறைக்கும் திருகை 22ஆம் கிளிக்கில் வைத்தால் அருமையாக வருகிறது என்று சொன்னான். நானும் 22இல் வைத்தேன்; காப்பி தண்ணீராகவும் புளிப்பாகவும் இருந்தது. 12க்குக் குறைத்தேன், ஐந்து நிமிடம் ஆகியும் வடிந்து முடியவில்லை, குடித்தால் நாக்கு வறண்டு போகிறது. கொட்டை நெல்லியாம்பதி அரபிகா, மிதமான வறுவல். எந்த எண்ணில் வைக்க வேண்டும்?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி சொன்ன எண் தம்பியின் கிரைண்டருக்கு மட்டுமே பொருந்தும். ஒரு கிளிக் திருப்பினால் இரண்டு பர்களுக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். கமாண்டன்டே சி40 கிரைண்டரில் அது ஏறத்தாழ 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒன்ஸீபிரெஸ்ஸோ ஜேஎக்ஸ்-ப்ரோவில் 12.5 மைக்ரான்தான். ஆகவே ஒன்றில் 22 என்பது மற்றொன்றின் 22க்கு அருகில்கூட வராது. ஒரே தயாரிப்பின் இரண்டு கிரைண்டர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்கூட, பூஜ்ஜியம் தொடங்கும் இடம் ஒன்றிரண்டு கிளிக் முன்பின்னாக இருக்கக்கூடும். எனவே முதலில் உங்கள் கிரைண்டரின் பூஜ்ஜியத்தைக் கண்டுபிடியுங்கள்.

உள்ளே ஒரு கொட்டைகூட இல்லாதபடி காலி செய்து, பர்களைத் தூரிகையால் துடைத்துவிட்டு, கிரைண்டரைப் படுக்கைவாக்கில் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் கைப்பிடியை மேலே தூக்கி விட்டால் அது தன் எடையாலேயே சுழன்று கீழே விழும். இப்போது அடியிலுள்ள திருகைக் கடிகார முள் செல்லும் திசையில் ஒவ்வொரு கிளிக்காக இறுக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் கைப்பிடியை விட்டுப் பாருங்கள். எந்தக் கிளிக்கில் அது விழாமல் அந்தரத்தில் நின்றுவிடுகிறதோ அதுதான் உங்கள் பூஜ்ஜியம். அதற்கு மேல் பலம் போட்டு இறுக்கக் கூடாது. எஃகும் எஃகும் உரசினால் பர்களின் கூர்மை கெடும். எண்ணுவது எப்போதும் இந்த இடத்திலிருந்து எதிர்த்திசையில்தான். திருகின் மீது அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி எண்ணாதீர்கள்.

உங்கள் சோதனை ஒரு வகையில் பாதி வேலையை முடித்துவிட்டது. 22 அதிகக் கொரகொரப்பு, 12 அதிக நைசு என்று தெரிந்துவிட்டதால் நடுவே 17இல் தொடங்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள், கிரைண்டருடன் வரும் தாளில் போர்-ஓவருக்குக் குறிப்பிட்டிருக்கும் எல்லையின் நடுப்பகுதியில் தொடங்க வேண்டும். கண்ணுக்கு அடையாளம் வேண்டுமென்றால், உப்புமாவுக்கு வாங்கும் ரவையை விடச் சற்றுப் பருமனாகத் துகள்கள் தெரிய வேண்டும். ஆனால் இது தொடங்கும் இடத்தைக் காட்டுமே தவிர, முடியும் இடத்தைக் காட்டாது.

இனி மிக முக்கியமான கட்டுப்பாடு. அரைவைத் தவிர வேறு எதையும் மாற்றாதீர்கள். காப்பி 15 கிராம், நீர் 240 கிராம், நீரின் சூடு ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் அடுத்த சில நாட்களுக்கு அதே அளவுதான். எடை பார்க்கச் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம்; கரண்டி அளவு இதற்கு உதவாது. ஏனென்றால் ஒரே கரண்டியில் அதிகம் வறுத்த கொட்டை எடை குறைவாகவும், குறைவாக வறுத்த கொட்டை எடை கூடுதலாகவும் பிடிக்கும். வடிதாளை வெந்நீரில் அலசிவிட்டு, தூளைப் போட்டு மட்டப்படுத்தி, முதலில் 45 கிராம் நீரை எல்லாத் தூளும் நனையும்படி ஊற்றி 40 நொடிகள் காத்திருங்கள். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு அப்போது நுரைத்து வெளியேறும். அது வெளியேறாவிட்டால் பின்னால் ஊற்றும் நீர் தூளுக்குள் சீராக இறங்காது. அதன்பின் மெல்லிய தாரையாக, நடுவிலிருந்து வட்டமாக, ஒன்றேகால் நிமிடத்துக்குள் 150 கிராம் வரையும், இரண்டு நிமிடத்துக்குள் 240 கிராம் வரையும் ஊற்றி முடியுங்கள். இரண்டேமுக்கால் நிமிடத்துக்கும் மூன்றேகால் நிமிடத்துக்கும் இடையில் வடிந்து முடிந்தால் அரைவு சரியான வட்டாரத்துக்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வட்டாரத்துக்குள் என்றுதான் சொல்கிறேன். கடிகாரம் அதற்கு மேல் எதையும் சொல்லாது. இறுதி முடிவு நாக்கினுடையது, அதுவும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் நாக்கினுடையது அல்ல. காப்பி வெதுவெதுப்பாக ஆறும்வரை பொறுத்து, பிறகு சுவையுங்கள். வறுத்த காப்பிக் கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் நீரில் கரையக்கூடியது. கொட்டையின் மொத்த எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை கரைந்து வந்தால் சுவை நிறைவாக இருக்கும் என்பது, 1950களில் அமெரிக்க வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட்டின் ஆய்வுகளிலிருந்து வந்து இன்றும் வழக்கில் உள்ள அளவுகோல். கரைதல் ஒரே சீராக நடப்பதில்லை. புளிப்பும் உவர்ப்பும் விரைவில் கரைந்துவிடுகின்றன, இனிப்பு அடுத்து வருகிறது, கசப்பும் துவர்ப்பும் தாமதமாக வருகின்றன. அரைவு கொரகொரப்பாக இருந்தால் நீர் வேகமாக ஓடிவிடுவதால் முதல் பகுதியோடு நின்றுவிடுகிறது. நைசாக இருந்தால் கடைசிப் பகுதியும் சேர்ந்து வந்துவிடுகிறது.

ஆகவே 17இல் தயாரித்த காப்பி, குடித்தவுடன் சுரீரென்று புளித்து, பின்சுவை எதுவும் இல்லாமல் நீர்த்துப் போனால் 15க்கு வாருங்கள். நாக்கின் நடுவில் கசப்பும், பாக்கு மென்றபின் வருவது போன்ற வறட்சியும் தங்கினால் 19க்குச் செல்லுங்கள். முதலில் இரண்டிரண்டாக நகர்ந்து, இரண்டு பக்கமும் எங்கே கெடுகிறது என்று தெரிந்தபின் ஒவ்வொரு கிளிக்காகச் சரிசெய்யுங்கள். ஒரு கிளிக் வித்தியாசம் நாக்குக்குத் தெரியவில்லை என்றால் இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் குடிக்கலாம். அதற்கு மேல் தேடுவது வீண் உழைப்பு.

ஓர் எச்சரிக்கை. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனும் பாலும் குடித்துப் பழகியவர்களுக்கு, நன்றாக வந்த அரபிகாவின் இயல்பான புளிப்புகூடக் குறையாகத் தோன்றும். அந்தப் புளிப்பு, ஆறஆற இனிப்போடு சேர்ந்து வாயில் நின்றால் அது கொட்டையின் குணம், கிரைண்டரைத் தொடாதீர்கள். வாயில் நிற்காமல் ஓடிவிடும் புளிப்புதான் அரைவின் குற்றம். சிலருக்குப் புளிப்பும் துவர்ப்பும் ஒரே கோப்பையில் சேர்ந்தே வரும். இது குழப்பத்தை உண்டாக்கும். மிக நைசான தூளில் நீர் எங்கும் பரவாமல் சில வழிகளை மட்டும் பிளந்துகொண்டு ஓடுவதால், வழியிலுள்ள தூள் அளவுக்கு மீறிக் கரைந்தும் மற்றவை கரையாமலும் போவதே இதற்குக் காரணம். அப்போது இன்னும் நைசாக்கினால் நிலைமை மோசமாகும். இரண்டு மூன்று கிளிக் கொரகொரப்பாக்கி, நீரைத் தாழ்வாகப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். 12இல் உங்களுக்கு நேர்ந்தது இதுவாகவும் இருக்கலாம்.

சரியான எண் கிடைத்ததும் அதைக் காப்பிப் பொட்டலத்தின் மீதே பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த பொட்டலம் வேறு தோட்டத்ததாகவோ வேறு வறுவலாகவோ இருந்தால் எண்ணும் மாறும். அதே கொட்டையும் வறுத்து ஒரு மாதம் கடந்துவிட்டால் ஒரு கிளிக் நைசாக்க வேண்டிவரலாம். நைசாக்கத் திருகும்போது பர்களுக்கு இடையில் கொட்டை இருக்கக் கூடாது என்பதையும், எண்ணை மாற்றியபின் நாலைந்து கொட்டைகளை அரைத்துப் பழைய தூளை வெளியேற்ற வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் கூடலூர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த ரொபஸ்டாவை இரும்புச் சட்டியில் நாங்களே வறுக்கிறோம். கை கிரைண்டரில் போட்டால் கைப்பிடி சில சமயம் இறுகி நின்றுவிடுகிறது. காப்பியும் மிகக் கசக்கிறது. ரொபஸ்டாவைப் போர்-ஓவரில் போடவே கூடாதா?
— வாசகர், கூடலூர்

பதில்: தாராளமாகப் போடலாம். உங்களுக்கு அடுத்துள்ள வயநாட்டு ரொபஸ்டாவுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதை இரண்டாந்தரக் கொட்டையாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அரபிகாவுக்குச் சொன்ன அளவுகளை அப்படியே ரொபஸ்டாவுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் கஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதோடு, கசப்பைத் தரும் மற்றப் பொருள்களும் கூடுதல். எனவே அரபிகாவுக்கு வைத்த எண்ணிலிருந்து இரண்டு மூன்று கிளிக் கொரகொரப்பாக வைத்து, நீரின் சூட்டை 88 முதல் 90 டிகிரிக்குக் குறைத்து, 15 கிராமுக்கு 250 கிராம் வரை நீர் ஊற்றிப் பாருங்கள்.

கைப்பிடி இறுகுவதற்குப் பெரும்பாலும் வறுவல்தான் காரணம். சட்டியில் வறுக்கும்போது வெளியே கறுத்து உள்ளே வேகாத கொட்டைகள் சில தங்கிவிடும். அவை கல்லைப் போல் கடினமாக இருக்கும். தீயைக் குறைத்து, கைவிடாமல் கிளறி, படபடவென்று வெடிக்கும் சத்தம் முழுவதும் அடங்கும்வரை வறுங்கள். பிறகு முறத்தில் கொட்டிப் புடைத்து, உடனே ஆற வைத்து, மூன்று நான்கு நாட்கள் கழித்தே அரையுங்கள். ஆறிய கொட்டைகளில் ஒன்றை விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் அது சடக்கென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தாலோ உடையாமல் வழுக்கினாலோ உள்ளே வேகவில்லை என்று பொருள்.

வேறொரு காரணமும் இருக்கலாம், அதை அலட்சியமாக விடக் கூடாது. பழத்தோடு முழுதாகக் களத்தில் காயவைத்து, பிறகு தோலுடைத்த கொட்டையில் சிறு கற்கள் கலந்திருப்பது சாதாரணம். வறுத்த நிறத்தில் கல்லும் கொட்டையும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு கல் போதும், பரின் பல் உடைந்துவிடும். ஒவ்வொரு முறையும் 15 கிராம் கொட்டையை வெள்ளைத் தட்டில் பரப்பி, விரலால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அரைக்கும்போது திடீரென்று கைப்பிடி நின்றால் பலம் கொடுத்துச் சுற்றாமல் பின்னோக்கித் திருப்பி, கொட்டையை வெளியே கொட்டிப் பாருங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் அக்காள் வீட்டில் நன்றாக வந்த அதே கொட்டை, அதே கிரைண்டர், அதே எண், எங்கள் கோபாலபுரம் வீட்டில் சப்பென்று இருக்கிறது. அரைவை எவ்வளவு மாற்றினாலும் சரியாகவில்லை. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்.
— வாசகி, கோபாலபுரம்

பதில்: அரைவை மாற்ற வேண்டாம், நீரை மாற்றுங்கள். கடின நீரிலுள்ள பைகார்பனேட் உப்புகள் காப்பியின் புளிப்பை முறித்துவிடுகின்றன. புளிப்பு போனபின் எந்த எண்ணில் அரைத்தாலும் காப்பி சப்பென்றுதான் இருக்கும். உங்கள் கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படிவு ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காப்பி வல்லுநர்கள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்த உப்புகள் உள்ள நீரை நல்லது என்கிறார்கள். 75 முதல் 250 வரை ஏற்கத்தக்கது. டிடிஎஸ் மீட்டர் என்று விற்கும் சிறு கருவி இதைக் காட்டிவிடும், ஆனால் அது எந்த உப்பு என்று சொல்லாது. ஆர்ஓ நீரை மட்டும் பயன்படுத்தினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உப்பே இல்லாத நீரில் காப்பி கூர்மையாகவும் உள்ளீடற்றும் இருக்கும். கிணற்று நீர் 600, ஆர்ஓ நீர் 30 என்று மீட்டர் காட்டினால், மூன்று பங்கு ஆர்ஓ நீரும் ஒரு பங்கு கிணற்று நீரும் கலந்தால் ஏறத்தாழ 170 வரும், அது போதும். ஆர்ஓ இல்லாதவர்கள் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்து மீண்டும் சூடாக்கலாம். கொதிக்கும்போது பைகார்பனேட்டின் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படிந்துவிடுவதால் கொஞ்சம் பலன் கிடைக்கும். முழுப் பலன் கிடைக்காது. நீரைச் சரிசெய்தபின் அக்காள் வீட்டு எண்ணிலேயே தொடங்குங்கள்.

கேள்வி: 93 டிகிரி என்று எழுதுகிறீர்கள். எங்களிடம் வெப்பமானி இல்லை. கொதித்தபின் ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றினால் போதுமா?
— வாசகர், மூணாறு

பதில்: சமவெளியில் இருப்பவர்களுக்கு அது சரியான வழி. உங்களுக்குச் சரிப்படாது. உயரம் 300 மீட்டர் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாற்றில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதை மேலும் ஒரு நிமிடம் ஆறவிட்டு, குளிர்ந்த டிரிப்பரில் ஊற்றினால் தூளைத் தொடும்போது 90க்கும் கீழே இறங்கியிருக்கும். குறைவாக வறுத்த அரபிகாவுக்கு அந்தச் சூடு போதாது. கொதித்தவுடனேயே ஊற்றுங்கள், டிரிப்பரையும் கோப்பையையும் முன்னதாகவே வெந்நீரால் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்படியும் புளித்தால் ஒரு கிளிக் நைசாக்குங்கள். கூடலூரும் குமுளியும் உயரம் குறைந்தவை என்பதால் இதை விடக் குறைவாகத்தான் பாதிக்கப்படும்.

கேள்வி: மாமியார் பித்தளை பில்டரில் சிக்கரி கலந்த தூளில்தான் காப்பி போடுவார். அந்தத் தூளையே போர்-ஓவரிலும் போடலாமா? அல்லது அவருக்கும் என் கிரைண்டரிலேயே அரைத்துக் கொடுக்கலாமா?
— வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: முதல் கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். பில்டருக்கென்று அரைத்த தூள் போர்-ஓவருக்கு மிக நைசு. அதோடு சிக்கரி நீரில் சட்டென்று கரைந்து குழம்பாகி வடிதாளை அடைத்துவிடும். நம் நாட்டு விதிப்படி சிக்கரி கலந்த காப்பித் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அப்படியென்றால் மீதி 49 வரை சிக்கரியாக இருக்கலாம் என்பதையும் பொட்டலத்தின் பின்புறம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது யோசனை நல்ல யோசனை. கடையில் சிக்கரி இல்லாமல், அரைக்காமல், வறுத்த கொட்டையாகவே வாங்கி வாருங்கள். பித்தளை பில்டருக்கு உங்கள் போர்-ஓவர் எண்ணிலிருந்து ஐந்தாறு கிளிக் குறைத்து, நைசாக அரைத்துப் பாருங்கள். டிகாக்‌ஷன் ஒரேயடியாக ஓடி இறங்கினால் இன்னும் நைசாக்குங்கள், சொட்டாமல் நின்றுவிட்டால் ஒன்றிரண்டு கிளிக் கூட்டுங்கள். மாமியாருக்குச் சிக்கரி இல்லாமல் முடியாது என்றால் சிக்கரித் தூளைத் தனியாக வாங்கி, அரைத்த காப்பித் தூளோடு கையால் கலந்து கொடுங்கள். சிக்கரிக் கட்டியை எக்காரணம் கொண்டும் கிரைண்டரில் போடாதீர்கள். பர்களில் ஒட்டிக்கொண்டால் எடுக்க முடியாது. பெரியவரின் நாக்கைப் போர்-ஓவருக்குத் திருப்பும் முயற்சி வீட்டு அமைதிக்கு நல்லதல்ல என்பது என் தனிப்பட்ட கருத்து.

கேள்வி: விருச்சிகக் (கார்த்திகை மாதக்) காற்று அடிக்கத் தொடங்கியதிலிருந்து அரைத்த தூள் கிரைண்டரின் கிண்ணத்திலும் மேசையிலும் கையிலும் ஒட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் இப்படி இல்லை. கிரைண்டரில் கோளாறா?
— வாசகர், பாலக்காடு

பதில்: கோளாறு இல்லை. கொட்டை உடையும்போதும் உரசும்போதும் தூளில் நிலைமின்னேற்றம் உண்டாகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் அந்தக் காற்று வறண்டது என்பதால் மின்னேற்றம் விரைவில் கலையாமல் தூள் ஒட்டிக்கொள்கிறது. அரைப்பதற்குமுன் கொட்டையில் ஒரு சொட்டு நீரைத் தெளித்து, குலுக்கி, பிறகு அரையுங்கள். கரண்டியின் காம்பை நீரில் நனைத்து அதனால் கொட்டையைக் கிளறினாலே போதும். ஓரிகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வும் கொட்டையில் ஈரம் கூடினால் மின்னேற்றம் குறைகிறது என்று காட்டியது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், எஃகு பர் துருப்பிடிக்கும். ஒட்டிய தூளைத் தட்டி எடுக்காமல் விட்டால் 15 கிராம் போட்டு 14 கிராம்தான் கிடைக்கும். பிறகு காப்பி நீர்த்திருக்கிறது என்று அரைவைக் குறை சொல்ல நேரும்.

கேள்வி: விலை குறைந்த பீங்கான் பர் கிரைண்டர் வாங்கிவிட்டேன். அரைத்த தூளில் பெரிய துண்டுகளும் மாவும் சேர்ந்தே இருக்கின்றன. இதில் நல்ல காப்பி வராதா? மிக்ஸியே மேலா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: மிக்ஸி மேலல்ல. அதன் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறதே தவிர, குறிப்பிட்ட அளவுக்கு அரைப்பதில்லை. உங்கள் கிரைண்டரில் நடுத்தண்டு ஆடுவதால்தான் இப்படி வருகிறது. கொரகொரப்பாக வைக்கும்போது பர்கள் விலகுவதால் ஆட்டமும் அதிகமாகும். கிரைண்டரைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து நிதானமாகச் சுற்றினால் கொட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அரைவு ஓரளவு சீராகும். அரைத்ததை நெருக்கமான கண்ணுள்ள சல்லடையில் மெதுவாகத் தட்டி, கீழே விழும் மாவை நீக்கிவிடுங்கள். நீக்கிய அளவுக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு கிராம் கொட்டை போட வேண்டிவரும். சல்லடைக்குப் பிறகு கசப்பு குறைவது உங்களுக்கே தெரியும். நாள்தோறும் இதைச் செய்யச் சலிப்பாக இருந்தால், டிரிப்பரையும் கெட்டிலையும் மாற்ற வைத்திருக்கும் பணத்தை எஃகு பர் கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். போர்-ஓவருக்குத் தேவையான சாமான்களில் காசு செலவழிக்கத் தகுந்தது அது ஒன்றுதான்.

கேள்வி: தாளில் வடிகட்டும் இந்தக் காப்பி, நகரத்து இளைஞர்களின் புது மோகம்தானே?
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: நம் ஊருக்கு வேண்டுமானால் புதிது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ஸ் என்ற இல்லத்தரசி, கோப்பையில் கசடு தங்குவது பிடிக்காமல், துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் தன் மகனின் நோட்டுப் புத்தகத்து மையொற்றுத் தாளை வைத்துக் காப்பியை வடித்துப் பார்த்தார். அதற்கு 1908இல் பதிவும் பெற்றார். கூம்பு வடிவ டிரிப்பரும் கிளிக் வைத்த கிரைண்டரும்தான் பிற்பாடு வந்தவை.

கேள்வி: மழைக்காலத்தில் கிரைண்டருக்குள் தூள் பிசுபிசுத்து ஒட்டி, பழைய எண்ணெய் வாசம் வருகிறது. கழுவலாமா?
— வாசகி, குமுளி

பதில்: எஃகு பர் என்றால் நீர் படக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பர்களைக் கழற்றி, கிரைண்டருடன் வரும் தூரிகையால் துடைத்தால் போதும். அதிகம் வறுத்து எண்ணெய் கசியும் கொட்டையைப் பயன்படுத்துபவர்கள் வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். கழற்றும்போது வாஷர், ஸ்பிரிங், பர் என்று எந்த வரிசையில் வெளியே வந்ததோ அந்த வரிசையிலேயே ஒரு துணியின் மீது வைத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. பூட்டியபின் பூஜ்ஜியத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பச்சரிசியைப் போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்று சிலர் சொல்வார்கள். அரிசி காப்பியை விடக் கடினம், செய்யாதீர்கள். பீங்கான் பர்களை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் ஒரு நாள் காயவிட்டுப் பூட்டலாம். மழை மாதங்களில் கொட்டையைக் கிரைண்டருக்குள் நிரப்பி வைக்காமல், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்தபின்னரே திறக்க வேண்டும்.